கிடப்பு என்று ஒரு கோப்பு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். அது அப்பா வழியில் வந்தது என்பாள் அம்மா. அப்பா, அம்மா வழி என்பார். எந்த வழியில் வந்ததோ, வேலைக்குப் போன புதிதில் நல்லது என்று நினைத்து நான் செய்த ஒரு காரியம் அந்தக் கோபத்தில்தான் பிறந்தது. அதைச் செய்யாமல் இருந்திருக்கலாமே என்று இந்த இருபது வருஷத்தில் நினைக்காத மாதம் இல்லை.

இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருந்தது. தெற்கு தில்லியில் ஒரு பெரிய வீட்டின் பேஸ்மென்டில் எங்கள் கம்பெனி. மொத்தம் பன்னிரண்டு பேர். ஜன்னல்கள் கூரையை ஒட்டி இருக்கும். அவற்றின் வழியே தெருவில் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும். ஓர் அரசுத் துறையிடம் எங்கள் முதலாளி வேலை எடுத்திருந்தார். ரயில் பாதையை ஒட்டிய குடிசைகளைக் காலி செய்யப் போகிறார்கள். அதற்கு முன்னால் வீடு வீடாகக் கணக்கெடுத்து, பட்டியலில் பெயர் ஏறிய குடும்பத்துக்கு ஊருக்கு வெளியே ஒரு சின்ன மனை கொடுப்பார்கள். பெயர் ஏறாத குடும்பத்துக்கு ஒன்றும் கிடையாது. சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். அந்தப் பட்டியலைக் கம்ப்யூட்டரில் தயாரிப்பது எங்கள் வேலை.

படிவங்கள் கட்டுக்கட்டாக வரும். முன் அறையில் நாலு பெண்கள் அவற்றைப் பார்த்து டைப் அடிப்பார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் எங்கள் புரோகிராமை, அதாவது நிரலை, ஓட விடுவேன். அது ஒவ்வொரு படிவமாக எடுத்து, சரிபார்த்து, பட்டியலில் சேர்க்கும். ஏதாவது பொருந்தாவிட்டால் அந்தப் படிவத்தை ஒதுக்கிவிட்டு, ஏன் ஒதுக்கினேன் என்று திரையில் ஒரு பாட்டம் புலம்பிவிட்டு, அடுத்ததற்குப் போய்விடும்.

அந்தப் புலம்பல்தான் என் உயிரை வாங்கியது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. ஒரு படிவம் இடறினால் எழுபது எண்பது வரி வரும். இன்ன இடத்தில் விழுந்தேன், என்னை அங்கே அனுப்பியது இன்னார், அவரை அனுப்பியது இன்னொருவர் என்று, கல்யாண வீட்டில் சம்பந்தி சண்டையை யார் ஆரம்பித்தது என்று விசாரிக்கிற மாதிரி நீண்டுகொண்டே போகும். அதில் நாங்கள் எழுதிய நிரலின் வரிகள் நாலோ ஐந்தோ. மிச்சமெல்லாம் யாரோ எங்கேயோ எழுதி, நாங்கள் இரவல் வாங்கிப் போட்ட நிரல்களின் வரிகள். எந்தக் காரணத்துக்காக ஒதுக்கினாலும் தலைப்பில் சிக்கனமாக, 'படிவத்தைச் சேர்க்க முடியவில்லை' என்று மட்டும் இருக்கும். உண்மையான காரணம் எங்கேயோ அடியில் கிடக்கும். அதைத் தேடிப் பிடிப்பதற்குள் அடுத்த புலம்பல் வந்து அதை மேலே தள்ளிவிடும்.

மே மாதத்தில் ஒரு மத்தியானம், வெளியே புழுதிப் புயல் அடித்துக்கொண்டிருந்தது. ஜன்னலில் கால்கள்கூடத் தெரியவில்லை. மூன்று மணி நேரம் வரி வரியாகப் படித்து ஒரு பிழையைத் துரத்தினேன். கடைசியில் பார்த்தால் அது நானே செய்த எழுத்துப் பிழை. சனியனே என்று விசைப்பலகையை ஓங்கிக் குத்தினேன். எங்கள் டீம் தலைவர், மேற்கு தில்லிப் பஞ்சாபி, நல்ல மனுஷர், தலையைத் தூக்கிப் பார்த்து, கம்பெனிச் சொத்து, மெதுவாக அடி என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது.

இரண்டு நாள் உட்கார்ந்து ஒரு வடிகட்டி எழுதினேன். நிரல் கக்குவது நேராகத் திரைக்குப் போகாது. என் வடிகட்டிக்குள் புகுந்துதான் வரும். தலைப்பு வரி சிவப்பில். நாங்கள் எழுதிய வரிகள் மஞ்சளில். பிறத்தியார் எழுதியவை சாம்பல் நிறத்தில். ஒரே தலைப்பு திரும்பத் திரும்ப வந்தால் ஒரு தடவை மட்டும் காட்டிவிட்டு, பக்கத்தில் எத்தனை தடவை என்று ஓர் எண். ஓட்டம் முடிந்ததும், பார்க்க வேண்டியது ஒன்றும் பாக்கி இல்லை என்றால் பச்சையில் ஒரு வரி. எங்கள் பழைய மானிட்டர்களில் அந்தச் சாம்பல் கறுப்போடு கறுப்பாகக் கலந்துபோகும். முகத்தைக் கிட்டே கொண்டுபோனால்தான் அங்கே ஏதோ எழுதியிருப்பது தெரியும். நான் அதை மாற்றவில்லை. கண்ணுக்கு ஜில்லென்று இருந்தது.

இதற்கு மேலே ஒரு வசதியும் செய்தேன். தெரிந்த பிழை, இன்றைக்குப் பார்க்க வேண்டாம் என்று தோன்றுகிறவற்றை ஒரு கோப்பில் எழுதி வைத்தால், வடிகட்டி அவற்றைக் காட்டவே காட்டாது. அந்தக் கோப்புக்கு விளையாட்டாகக் 'கிடப்பு' என்று பெயர் வைத்தேன். அப்பா மத்திய சர்க்கார் குமாஸ்தா. கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் நான் பால் குடித்த நாளிலிருந்து கேட்ட சொல் அது. ஃபைல் கிடப்பில் கிடக்கிறது, பிரமோஷனைக் கிடப்பில் போட்டுவிட்டார்கள் என்று அப்பா தினமும் வீட்டில் வந்து எரிந்து விழுவார். ஆபீசில் இந்திக்காரர்கள் வாயில் அது 'கிடப்பூ' ஆனது. ஒரே வாரத்தில் எல்லாரும் அதைச் சொல்ல ஆரம்பித்தார்கள். இதைக் கிடப்பூவில் போட்டுவிடு என்றால் இனி அதை யாரும் பார்க்க மாட்டார்கள் என்று அர்த்தம். என் தமிழ் ஒரு தில்லி ஆபீசில் செல்லுபடியாவதில் எனக்கு அவ்வளவு பெருமை.

முதல் வாரம், 'படிவத்தைச் சேர்க்க முடியவில்லை' என்று வந்தவற்றில் நாலைந்தைத் தோண்டிப் பார்த்தேன். எல்லாமே ஒரே படிவத்தை இரண்டு தடவை டைப் அடித்த கேஸ். இரண்டாவது தடவை சேராமல் போனால் நல்லதுதானே? அந்தத் தலைப்பைக் கிடப்பில் எழுதினேன். அன்று மத்தியானம் திரையில் பச்சை வரி மட்டும் வந்தது. தலைவர் என் தோள் பக்கம் வந்து நின்று, வாஹ் என்றார்.

அதற்குப் பிறகு திரை நாளுக்கு நாள் அமைதியானது. பழைய நாட்களில் சாப்பாட்டுக்குப் பின் அந்தப் பேஸ்மென்டில் எல்லாரும் திரையை முறைத்துக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டிருப்போம். இப்போது நிரலை ஓட விட்டு டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்தால் பச்சை. முன் அறையில் டைப் அடிக்கிற பெண்களில் மூத்தவர் ஒரு நாள் ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். இந்தக் கட்டில் பாதிப் பேருக்குக் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஓர் எழுத்தும் புள்ளியும்தான் இருக்கிறது, என்ன அடிக்கட்டும் என்று இந்தியில் கேட்டார். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், இருக்கிறபடியே அடியுங்கள் என்றேன்.  அவர் கட்டோடு போய்விட்டார்.

இன்னொரு நாள் அவரே வந்து, நாங்கள் அடித்த எண்ணிக்கைக்கும் பட்டியலில் ஏறிய எண்ணிக்கைக்கும் நிறைய வித்தியாசம் வருகிறதே என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. நீங்கள் இரண்டிரண்டு தடவை அடித்தால் வித்தியாசம் வராதா என்று கேட்டேன். அவர் முகம் சுருங்கிப்போனது. அதற்குப் பிறகு அவர் என்னிடம் எதுவும் கேட்க வரவில்லை.

இனி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதிலிருந்தே எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்து, வீடு துடைத்துத் தந்தவர் அவர். விழுப்புரம் பக்கத்துக்காரர். கல்யாணமாகிக் கட்டட வேலைக்கு வந்த புருஷனோடு தில்லிக்கு வந்தவர். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகும் ஊருக்குத் திரும்பவில்லை. இரண்டு பெண்கள். ரயில் பாதையோரம் தமிழ்க்காரர்கள் சந்தில் ஒரே அறை. அம்மாவுக்குக் கடைசிவரை இந்தி வரவில்லை என்பதால், ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் பேரம் பேச அக்காவைத்தான் கூட்டிக்கொண்டு போவாள். கடைக்காரரை அக்கா இந்தியில் வாங்கு வாங்கென்று வாங்குவதைப் பார்க்க வேண்டும். தில்லியில் பிறந்த எனக்கே அந்த இந்தி வராது. என்னை அவர் 'பாப்பா' என்றுதான் கூப்பிடுவார். சம்பளம் வாங்குகிற வயசாகியும் நான் அவருக்குப் பாப்பாதான். வா, போ, சாப்பிட்டியா, ஏன் மொகம் வாடிக் கெடக்குது என்றுதான் பேச்சு.

கணக்கெடுக்கிறவர்கள் தங்கள் சந்துக்கு வந்த மறுநாள், அவர் ஒரு பிளாஸ்டிக் உறையில் சீட்டு ஒன்றைப் பத்திரமாகக் கொண்டுவந்து காட்டினார். வீட்டு எண்ணும் முத்திரையும் இருந்தன. கதவிலும் சிவப்புப் பெயிண்டில் அந்த எண்ணை எழுதிவிட்டுப் போயிருந்தார்களாம்.

"பேருக்குப் பின்னால என்னன்னு கேட்டான் பாப்பா. பின்னால ஒண்ணும் கெடையாது, முன்னாலதான் ஒரு எழுத்து இருக்குதுன்னேன். சிரிச்சிட்டு அதையே தூக்கிப் பின்னால எழுதிக்கிட்டான்."

நானும் சிரித்தேன். தில்லியில் தமிழர்கள் எல்லாருக்கும் இந்தக் கதை ஒன்று உண்டு. நம் இனிஷியலை இந்த ஊரில் யாருக்கும் விளங்க வைக்க முடியாது. என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அப்பா, படிவத்தைப் பத்து வருஷம் நிரப்பிப் பழகின கையோடு, இனிஷியலை விரித்துத் தன் பெயரையே என் பெயருக்குப் பின்னால் போட்டுவிட்டார். அதனால் டீச்சர்கள் என்னை அப்பா பெயரால் கூப்பிட்டார்கள். ஆபீசிலும் நான் அப்பா பெயர்தான். எனக்கு அந்தச் சிக்கல் அன்றோடு தீர்ந்தது. ஓர் எழுத்தையும் ஒரு புள்ளியையும் சுமந்துகொண்டு இந்த ஊரில் எத்தனை பேர் நடமாடுகிறார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. டைப் அடிக்கிற அம்மாள் கட்டோடு வந்து நின்றபோதும் யோசிக்கவில்லை. அக்கா எதிரில் உட்கார்ந்து சொன்னபோதும் யோசிக்கவில்லை.

அக்காவுக்கு அந்தச் சீட்டின் மேல் நம்பிக்கை வரவில்லை. பேர் ஏறுமா, பெரியவளுக்கு வரன் வந்திருக்கிறது, நாளைக்கு இடமில்லை என்றால் எங்கே போவது என்று ஒரு வாரம் கேட்டுக்கொண்டே இருந்தார். அம்மா திருநெல்வேலிக்காரி, அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள்.

"ஏட்டி, அவ பயப்படுதால்லா. பேரு ஏறிட்டான்னு ஒரு எட்டு பாத்துச் சொல்லேன்."

எங்க ஆபீஸ்லதான் ஏத்துறோம், நான் இருக்கேன்ல, பயப்படாதீங்க அக்கா என்றேன். ஆபீசில் போய்ப் பார்க்கவில்லை. தினமும் பச்சை வரி வருகிறதே, அதற்கு மேல் என்ன பார்ப்பது?

பட்டியலைத் துறையிடம் ஒப்படைத்தோம். முதலாளி எல்லாருக்கும் லட்டு கொடுத்தார். இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை அக்கா வந்தார். எப்போதும் வந்ததும் நேரே பின்பக்கம் போய்ப் பாத்திரத்தில் கை வைப்பவர், அன்று நிலைப்படியிலேயே நின்றார்.

"எங்க சந்துல ஒரு பேருகூட இல்ல பாப்பா. பீகார்க்காரங்க சந்து முச்சூடும் வந்திருக்குது. எங்க சந்துல ஒரே ஒரு பேருகூட இல்ல."

பட்டியலை ரயில் பாதைப் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். ஆட்சேபம் இருந்தால் பதினைந்து நாளுக்குள் நேரில் வந்து எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கீழே போட்டிருக்கிறதாம். படிக்கத் தெரிந்த பையன் ஒருவன் மேலிருந்து கீழே மூன்று தடவை படித்தானாம்.  அக்காவின் முகத்தைப் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்தேன்.

சனிக்கிழமைகளில் ஆபீசில் பாதிப் பேர்தான் இருப்பார்கள். வடிகட்டியைக் கழற்றிவிட்டு, அந்தச் சந்தின் கட்டை மறுபடி ஓட விட்டேன். வெள்ளை எழுத்து அணை உடைந்த மாதிரி வந்தது. நிறுத்தி, அடிக்குப் போய், முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுபோய்ப் படித்தேன். இத்தனை நாளும் கிடப்பில் கிடந்த வரி. குடும்பப் பெயர் குறைந்தது இரண்டு எழுத்து இருக்க வேண்டும். இரவல் வாங்கிய நிரலில் யாரோ, எந்த நாட்டிலோ உட்கார்ந்து எழுதிய விதி. அடுத்த படிவம், அதே வரி. அதற்கடுத்தது, அதே வரி. புள்ளியை உதறிவிட்டு, மிஞ்சின ஓர் எழுத்தைப் போதாது என்று சொல்லி, ஒவ்வொருவரையாக வெளியே தள்ளியிருந்தது. நடுவில் அக்காவின் வீட்டு எண்ணும் வந்தது.

நிரல் ஒன்றையும் மறைக்கவில்லை. நாள் தவறாமல் சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது நான்தான். அதுவும் மஞ்சள், சிவப்பு, பச்சை என்று கலர் கலராக.  பாத்ரூமில் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

திங்கட்கிழமை தலைவரிடம் சொன்னேன். அவர் திரையைப் பார்த்தார், பிறகு கதவைச் சாத்தினார். கத்துவார் என்று நினைத்தேன். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். நிரலைத் திருத்து, விட்டுப்போனவர்களுக்குத் துணைப் பட்டியல் ஒன்று தயார் செய், முதலாளி அதை மேலே அனுப்புவார். ஆனால் இது எப்படி நடந்தது என்று வெளியே மூச்சு விடக் கூடாது. தெரிந்தால் வேலை கைவிட்டுப் போகும். பன்னிரண்டு பேர் தெருவில் நிற்பார்கள், முதலில் நீ. நான் சரி என்றேன். அன்றைக்கே திருத்தினேன், ஒரு வரி வேலை. துணைப் பட்டியல் இரண்டு நாளில் தயாரானது. முதலாளி கையெழுத்துப் போட்டு அனுப்பினார். துறையில் ஒருவர் வாங்கிக்கொண்டு, பார்க்கலாம் என்றாராம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. அந்தக் காகிதம் எந்த மேஜையில் தூங்கியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அக்காவிடம் என்ன சொன்னேன் என்பதைத்தான் எழுதக் கை வரவில்லை. கம்ப்யூட்டர் கோளாறு அக்கா, சரி பண்ணிட்டோம் என்றேன். புதுப் பட்டியல் போயிருக்கிறது, பேர் வந்துவிடும் என்றேன். சந்துக்காரர்கள் எல்லாரும் ஒரு நாள் கூலியை விட்டு ஆட்சேபம் எழுதிக் கொடுக்கப் போகலாம் என்று பேசிக்கொண்டிருப்பதாக அவர் சொன்னார். போகட்டுமா பாப்பா, நீ என்ன சொல்றே என்று கேட்டார்.

அவர்கள் கூட்டமாகப் போனால், ஏன் ஒரு சந்து முழுக்க விட்டுப்போனது என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்வி பேஸ்மென்டுக்கு வரும். என் மேஜைக்கு வரும். கூலியை ஏன் விடுறீங்க அக்கா, அதான் பட்டியல் போயிருக்கே என்றேன்.

அவருக்கு முகமெல்லாம் மலர்ந்தது. சந்து முழுக்கப் போய்ச் சொன்னார். எங்க பாப்பா பாத்துக்குது, யாரும் போக வேணாம். ஒருத்தரும் போகவில்லை. பதினைந்து நாளும் கழிந்தன. ஒவ்வொரு நாள் காலையிலும் அவர் பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்கும்போது, எழுந்து போய் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். இன்னும் எட்டு நாள் இருக்கிறது, இன்னும் நாலு நாள் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு போர்வைக்குள்ளேயே கிடப்பேன். பதினாறாவது நாள் காலையில் அவர் எனக்கென்று தனியாக வீட்டில் செய்த கொழுக்கட்டை கொண்டுவந்தார். அதைத் தின்றேன்.

புதுப் பட்டியல் வரவில்லை. செப்டம்பரில், பட்டியலில் பெயர் ஏறாத வீடுகளின் கதவுகளில் இருந்த எண்ணுக்கு மேலே ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார்கள். எந்தக் கதவில் குறி இருக்கிறது, எதில் இல்லை என்று அக்கா எண்ணிக்கொண்டு வந்து சொன்னார். நான் துறைக்கு இரண்டு தடவை போன் செய்தேன்; வேறு நம்பர் கொடுத்தார்கள். தலைவரிடம் கேட்டேன், இனிமேல் அது நம் கையில் இல்லை என்றார். அக்கா மட்டும் கேட்பதை நிறுத்திவிட்டார். கேட்டால் எனக்குச் சங்கடமாக இருக்கும் என்று நினைத்தாராம், அம்மாதான் சொன்னாள். பெரியவளின் வரன் வீட்டார், இடம் நிச்சயமான பிறகு பேசலாம் என்று எழுந்து போயிருந்தார்கள்.

இடிக்கிற நாள் காலையில் நான் ஆபீசுக்குப் போகாமல் அங்கே போனேன். எட்டு மணிக்கே புல்டோசர் இரண்டு வந்து நின்றிருந்தன. போலீஸ் வரிசையாக நின்றது. லாரிகளின் பக்கத்தில் ஒரு மேஜை போட்டு, துறையிலிருந்து வந்த கிளார்க் ஒருவர் பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தார். எங்கள் பிரின்டரில் அடித்த பட்டியல். மூலையில் மை தீற்றியிருந்தது. பெயர் வந்தவர்கள் சீட்டைக் காட்டி, கட்டில், அடுப்பு, கோழிக் கூண்டு என்று லாரியில் ஏற்றினார்கள். தமிழ்ச் சந்துக்காரர்கள் மட்டும் சாமான்களைக் கீழே வைத்துக்கொண்டு, பட்டியல் முடியும்வரை பொறுத்திருப்போம் என்று ஓரமாக நின்றார்கள். யாரும் சத்தம் போடவில்லை. பெரியவள் வாசலில் உட்கார்ந்து டிரங்குப் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள்.

அக்கா என்னைப் பார்த்ததும் ஓடி வந்தார். அந்தப் பிளாஸ்டிக் உறையை என் கையில் திணித்து, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மேஜைக்கு முன்னால் நிறுத்தினார். கிளார்க்கிடம் இந்தியில், இது எங்கள் வீட்டுப் பெண், இந்தப் பட்டியல் போட்ட கம்ப்யூட்டரில்தான் வேலை செய்கிறது, இதைக் கேளுங்கள், எங்கள் பெயரெல்லாம் இதற்குத் தெரியும் என்றார். பின்னால் சந்து முழுக்க வந்து கூடியது. கிளார்க் என்னை ஏற இறங்கப் பார்த்து, சொல்லுங்கள், என்ன விஷயம் என்றார்.

சொன்னேன். இவர்கள் எல்லாரும் படிவம் கொடுத்தவர்கள். பெயரில் கடைசியில் ஓர் எழுத்துதான் இருக்கிறது என்பதற்காக நிரல் தள்ளிவிட்டது. தள்ளிவிட்டேன் என்று அது தினமும் சொன்னது. அதைத் திரையில் வராமல் செய்தது நான். எனக்குத் தெரிந்த பிறகும் இவர்களிடம் சொல்லவில்லை. ஆட்சேபம் கொடுக்கப் போகிறோம் என்றவர்களைப் போக வேண்டாம் என்று தடுத்ததும் நான்தான். என் வேலை போய்விடும் என்று பயந்தேன். எனக்குத் தெரிந்த இந்தியில் இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னேன். அந்த மனிதர் எப்படியாவது இரக்கப்பட்டு ஒரு பேனாவை எடுத்துவிட மாட்டாரா என்று அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் கேட்டுக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை. காகிதத்தில் இல்லாதது எனக்கு இல்லை, மேலே போய் எழுதிக் கொடுங்கள் என்றார். பிறகு பக்கத்தைத் திருப்பி அடுத்த பெயரைப் படித்தார்.

நான் திரும்பினேன். அக்கா என் தோளை ஒட்டி நின்றுகொண்டிருந்தார். இந்தியில் சொன்னதில் ஒரு சொல் பாக்கி இல்லாமல் அவருக்குப் புரிந்திருந்தது. பின்னால் நின்றவர்களுக்கும் புரிந்திருந்தது. யாராவது என்னை ஒரு அறை விட மாட்டார்களா என்று இருந்தது. அக்கா, நான் வந்து என்று ஏதோ ஆரம்பித்தேன். 

அவர் என் கையிலிருந்த உறையை மெதுவாக வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். முதல் புல்டோசர் கிளம்புகிற சத்தம் கேட்டது. பெரியவளைப் பார்த்து, கயிறை இறுக்கிக் கட்டுடி என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"வெயில் ஏறுது. நீங்க வீட்டுக்குப் போங்க, மேடம்."

அவர் என்னை 'நீங்க' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.